என் அடக்கத்துக்குப் பாட்டு சொல்லப் போன கதை

அன்றைக்கு எனக்கு ரெண்டே வேலை. கோயில் அலுவலகத்துக்குப் போய், என் அடக்கத்தில் எந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். வரும் வழியில் முருங்கைக்காய் வாங்க வேண்டும்.

முருங்கைக்காய் ஒழுங்காக வாங்கிவிட்டேன்.

பயப்படாதீர்கள், உடம்புக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை கொஞ்சம், முட்டி வலி கொஞ்சம். எழுபதைத் தாண்டியவனுக்கு இதெல்லாம் நோயில் சேர்த்தி இல்லை, கூடவே இருக்கிற சொந்தக்காரர்கள் மாதிரி.

பாட்டு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி பிலோமினா போனது கொரோனா காலத்தில். கொரோனாவில் இல்லை, நெஞ்சு வலியில். ஆனால் அந்த நாளில் எதில் போனாலும் ஒரே சட்டம்தான். கோயில் பூட்டியிருந்தது. கல்லறைக்கு வந்தவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அப்போதிருந்த பழைய ஃபாதர் முகமூடிக்குள் ஜெபம் சொன்னார், தீர்த்தம் தெளித்தார், முடிந்தது.

பாட்டு கிடையாது.

பாட்டில்லாமல் ஒரு வேலையும் செய்யத் தெரியாதவள் அவள். அதிலும் ஒரு பாட்டு இருக்கிறது. கல்யாணத்திலும் திருவிழாவிலும் காணிக்கை கொண்டுவரும் நேரத்தில் பாடுவது. தாளம் துள்ளும். அவள் மீன் நறுக்கும்போது கத்தி அந்தத் தாளத்துக்குத்தான் இறங்கும். சுருதி மட்டும் எந்த ஊரிலும் நிற்காது. பாடகர் குழுவில் ஒரு வருஷம் இருந்தாள். கடைசி வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைத்தால் போதும் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

அவள் இருக்கிற கல்லறைக் குழியைத் திறந்து அதற்கு மேலேதான் என்னையும் வைப்பார்கள். அன்றைக்கு அந்தப் பாட்டைப் பாடினால் அவளுக்கும் சேர்த்துக் கேட்கும். இதுதான் என் திட்டம். இதை உயிரோடு இருக்கும்போதே சொல்லி வைக்க வேண்டும். மகள் ஜூலி பிரான்சில் இருக்கிறாள். அங்கிருந்து அழுதுகொண்டே வந்து இறங்குகிற பெண்ணிடம் பாட்டைப் பற்றி யார் பேச முடியும்?

காலையில் கதவைப் பூட்டும்போது பக்கத்து வீட்டுக் கௌரி மேட்டுப்பாளையத்துக் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காலையிலேயே எங்கே என்று கேட்டாள்.

உள்ளதைச் சொன்னேன். சும்மா கடைக்கு என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"இன்னாத்துக்குப் பெரியப்பா விடியக்காலையில இந்தப் பேச்சு? எமனுக்கு நீங்களே முகவரி எழுதிக் குடுப்பீங்க போல." சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பஸ் பிடிக்க ஓடினாள்.

புது ஃபாதர் சின்ன வயது. வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு அடக்கம் விஷயமாக வந்தேன் என்றதும் முகம் சட்டென்று சோகமாகிவிட்டது. அது அவர்கள் படிப்பில் ஒரு பாடம் போலிருக்கிறது.

"யாரு ஐயா?" என்றார் மெதுவாக.

"நான்தான் ஃபாதர்."

அந்த முகத்தை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

விஷயம் புரிந்ததும் மனிதருக்கு வந்ததே ஒரு சந்தோஷம். கல்யாணத்துக்கு நாள் குறிக்க வந்தவனைப் போல என்னை உட்கார வைத்தார். இந்தக் கோயில் பங்கு மக்கள் சாவு என்றால் பேனருக்கு எந்தப் போட்டோ, வண்டிக்கு எத்தனை மாலை, பேண்டு செட் யாருடையது என்றெல்லாம் யோசிக்கிறார்களாம். பூசையைப் பற்றி அவரிடம் இதுவரை கேட்கப்பட்ட ஒரே கேள்வி, எத்தனை மணிக்கு முடியும் என்பதுதானாம்.

பிறகு விளக்க ஆரம்பித்தார். முதலில் வீட்டில் ஜெபம். அப்புறம் கோயிலில் பூசை. கடைசியில் கல்லறையில் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பு. பெட்டிக்குப் பக்கத்தில், ஈஸ்டருக்கு ஏற்றுகிற அந்தப் பெரிய பாஸ்கா திரியை ஏற்றி வைப்பது ஏன் தெரியுமா? ஞானஸ்நானத்தில் எந்த வெளிச்சத்தைக் கொடுத்து வரவேற்றோமோ அதே வெளிச்சத்தில் வழியனுப்புகிறோம்.

எனக்குத் தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்து மில்லுக்குப் போனவன் நான். மீதியெல்லாம் கையில் கிடைத்ததைப் படித்துத் தெரிந்துகொண்டது. பூசைப் புத்தகத்தைப் பின்னட்டை வரை படித்திருக்கிறேன். அதைக் கொஞ்சம் காட்டிக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஃபாதர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

பைபிளிலிருந்து முதல் வாசகம் எது, அதை யார் வாசிப்பது? யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு யார் யார் பாக்கி இருப்பார்கள் என்று இப்போதே எப்படிச் சொல்வது என்றேன். நியாயம்தான் என்றார். காணிக்கையை யார் எடுத்து வருவார்கள்? அதற்கும் அதே பதில்தான்.

கடைசியில் யாராவது என்னைப் பற்றிப் பேச வேண்டுமா என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

"அடக்கப் பூசை செத்தவருக்கு நற்சான்று குடுக்கற இடம் இல்ல ஐயா. ஆளை ஆண்டவர் கையில ஒப்படைக்கற இடம்."

எனக்கும் அதுதான் சௌகரியம். என் நற்சான்றைப் படிக்க ஆரம்பித்தால் மைக்கைச் சரிசெய்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகுதான் வந்த விஷயத்தைச் சொல்ல எனக்கு இடம் கிடைத்தது. பாட்டைச் சொன்னேன். ஃபாதர் மேஜையில் விரலால் தாளம் போட்டுப் பார்த்தார். அது கல்யாணப் பாட்டாயிற்றே என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பாட்டெல்லாம் தன் கையில் இல்லை, ஸ்டெல்லா டீச்சரிடம்தான் கேட்க வேண்டும், பூசையில் தானும் அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் பாடுவதாகச் சொன்னார்.

ஸ்டெல்லா டீச்சர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பாடகர் குழுவையும் கணக்கு வகுப்பு மாதிரிதான் நடத்துவார். தப்பாகப் பாடினால் முதலிலிருந்து. கோயில் வாசலில் அவரைப் பிடித்தேன். பாட்டின் முதல் சொல்லைச் சொன்னதுமே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"முடியாதுண்ணே. அந்தத் தாளத்துக்குப் பெட்டி தூக்கறவங்க காலு தன்னால ஆடும். கீழ போட்டாங்கன்னா உங்களுக்குத்தான் அடி."

ஏன் அந்தப் பாட்டு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நடுத்தெருவில் பிலோமினாவைப் பற்றிப் பேச எனக்கு வராது. தலையை ஆட்டினேன்.

என் முகத்தைப் பார்த்து டீச்சருக்கு இரக்கம் வந்துவிட்டது. சாவுக்கென்றே தங்களிடம் நல்ல நல்ல பாட்டாக இருக்கிறது, எல்லாவற்றையும் பாடிக் காட்டுகிறோம், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். புடவைக் கடையில் சொல்வது மாதிரியே இருந்தது.

எங்கே பாடுவது என்பதுதான் சிக்கல். கோயிலில் சாயங்காலம் ஒரு கல்யாணம். பீடத்துக்குப் பூக் கட்டிக்கொண்டிருக்கும்போது சாவுப் பாட்டு பாடினால் பெண்ணின் அம்மா சும்மா விடமாட்டார். மண்டபத்தில் பந்திக்கு மேஜை போட்டிருந்தார்கள்.

"உங்க வீடு சும்மாதானே கிடக்குது?" என்றார் டீச்சர்.

எனக்கு முடியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லை. எங்கள் வீட்டில் அந்த இலாகாவைப் பிலோமினா பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். டீச்சர், ஆறேழு பெண்கள், கீபோர்டு வாசிக்கிற ஒரு ஆள். மதியத்துக்கு முன்னால் காலாப்பட்டில் யாருக்கோ முப்பதாம் நாள் பூசை. அங்கே பாடிவிட்டு அப்படியே வந்ததால் எல்லாரும் குழுவின் வெள்ளைப் புடவையில் இருந்தார்கள். செருப்புகளை வாசலில் வரிசையாக விட்டார்கள். கூடத்தில் இடம் போதவில்லை என்று டீச்சர் சோபாவையும் கட்டிலையும் வெளியே எடுத்துப் போடச் சொன்னார். போட்டோம். பிலோமினா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுத்திரி ஏற்றினார். பாயை விரித்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

இப்போது தெருவில் நின்று என் வீட்டைப் பாருங்கள். கட்டில் வெளியே. வாசலில் செருப்பு வரிசை. உள்ளே வெள்ளைப் புடவைகள், மெழுகுத்திரி. எனக்கு இது அப்போது தோன்றவில்லை. நான் உள்ளே இருந்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. என்னை எதிரே ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். ரொம்பவே நன்றாக. முதல் பாட்டு முடிவதற்குள் நான் செத்துப்போன துக்கம் எனக்கே தாங்கவில்லை. ரெண்டாவது பாட்டில் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டேன். இதற்கு மேல் உட்கார்ந்தால் மரியாதை இல்லை என்று, காப்பி போடுகிறேன் என்று சைகை காட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

பாலைச் சுட வைத்தேன். திரிந்து போயிற்று.

பாடுகிறவர்களுக்கு நடுவே புகுந்து வாசலுக்குப் போவது நன்றாக இருக்காது. பின்கதவு வழியாகச் சந்தில் இறங்கினேன். போன் பிரிட்ஜ் மேலேயே இருந்தது. பக்கத்துக் கடையில் பால் தீர்ந்திருந்தது. இன்னும் ரெண்டு தெரு தள்ளிப் போனேன். முட்டி வலிக்காரன் நடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே கடைக்காரர் தன் முட்டி வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் வர முடியுமா? முக்கால் மணி நேரம் போயிற்று.

அந்த நேரத்தில்தான் கௌரி காலை ஷிப்ட் முடிந்து வந்திருக்கிறாள்.

பிறகு அவளே சொன்னது இது. தெருமுனையிலேயே பாட்டு கேட்டிருக்கிறது. கட்டிலைப் பார்த்திருக்கிறாள், செருப்பைப் பார்த்திருக்கிறாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் வெள்ளைப் புடவைகளின் முதுகு. நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. காலையில் எமனுக்கு முகவரி எழுதுகிறதாகத் தன் வாயாலேயே சொன்னது வேறு நினைவுக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

உட்கார்ந்தவள் சும்மா உட்காரவில்லை. தன் வீட்டுக்காரன் முருகனுக்குப் போன் அடித்தாள். அவன் வாடகை நாற்காலிக்கும் ஐஸ் பெட்டிக்கும் சொன்னான். தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னான். கோயிலுக்கும் ஆள் அனுப்பினான். அவசரத்துக்கென்று நான் கொடுத்து வைத்திருந்த ஜூலியின் நம்பருக்குக் கௌரி பேசினாள். ஜூலி எடுக்கவில்லை. கௌரி தன் அழுகையை மட்டும் குரல் செய்தியாக அனுப்பிவிட்டாள்.

உள்ளே பாடிக்கொண்டிருந்தவர்கள்? கண்ணை மூடித்தான் பாடுவார்கள். நடுவில் ஒருமுறை டீச்சர் கண்ணைத் திறந்து ஜன்னல் நிறைய ஜனம் நிற்பதைப் பார்த்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் நம் குழுவின் பாட்டுக்குக் கூட்டம் கூடியது இதுதான் முதல் தடவை என்று நினைத்து, இன்னும் உருக்கமான பாட்டாக எடுத்திருக்கிறார்.

நான் பால் பாக்கெட்டோடு தெருமுனை திரும்பினேன். என் வீட்டு வாசலில் கூட்டம். சிவப்பு நாற்காலிகள். பாடினவர்களில் யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னால் நின்ற ஒரு ஆளிடம் விசாரித்தேன். அடுத்த தெருக்காரர் போல, என் முகம் அவருக்குத் தெரியவில்லை.

"லூர்து தாத்தாவாம்," என்றார். "காலையிலேயே சொல்லிட்டாராம், இன்னிக்குப் போறேன்னு. கோயிலுக்குப் போய் ஃபாதர்கிட்ட விடை வாங்கிட்டு வந்து படுத்தவரு, எழுந்திருக்கல. புண்ணியாத்மா."

எனக்கு அந்தத் தாத்தாவின் மேல் பெரிய மரியாதை வந்தது. அப்புறம்தான் அது நான் என்று உறைத்தது.

உடனே கையைத் தூக்கி நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு மனிதன் செத்ததற்கு இவ்வளவு பேர் வந்திருக்கும்போது அதை எப்படி மறுப்பது என்று ஒரு கூச்சம். இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. என்னைப் பற்றி ஒரே நேரத்தில் இத்தனை பேர் பேசி நான் கேட்டதே இல்லை. தங்கமான மனிதர் என்றார் ஒருவர். யார் வம்புக்கும் போகமாட்டார் என்றார் இன்னொருவர்.

"எங்க போறது? அந்தம்மா இருந்தவரைக்கும் இவருக்கும் சேர்த்து அதுதான் பேசும்," என்றாள் பூக்காரம்மா.

அதுவும் சரிதான் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைத்தான் கௌரி பார்த்துவிட்டாள்.

அவள் கையில் ரோஜா மாலை இருந்தது. என்னையே பார்த்தாள். பால் பாக்கெட்டைப் பார்த்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மாலையாலேயே என் தோளில் ஒன்று போட்டாள். ரோஜா இதழ் பறந்தது.

"எங்க போனீங்க?"

"பால் வாங்க."

அப்புறம்தான் அழுதாள். அதுவரை அழுததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி அழுதாள். முருகன் தலையில் கையை வைத்துக்கொண்டு ஒரு சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தான். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிலருக்கு வந்தது வீணாகிவிட்ட வருத்தம் முகத்திலேயே தெரிந்தது. புண்ணியாத்மா என்று சொன்ன ஆள் என்னிடம் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து ஐஸ் பெட்டி வண்டி மெதுவாக நகர்ந்து வந்து நின்றது. டிரைவர் குதித்து இறங்கி, பிளக் பாயிண்ட் எங்கே என்றார். பாடி எங்கே என்றார். கௌரி என்னைக் காட்டினாள்.

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தொழிலில் எத்தனையோ பார்த்த மனிதர்.

"அப்ப வெயிட் பண்ணவா, எடுத்துட்டுப் போவவா?"

இதற்குள் பாட்டு நின்று, டீச்சர் வெளியே வந்திருந்தார். நான் அடுப்படியில் இருப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று தெரிந்ததும் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். இவர்கள் ரசிகர்கள் இல்லை என்பதுதான் அவருக்கு அதிக வேதனை.

கூட்டத்துக்குள் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. ஃபாதர். கழுத்தில் ஊதாத் துணி, பையில் சாகிறவர்களுக்குப் பூசுகிற தைலக் குப்பி. என்னைப் பார்த்ததும் பிரேக் பிடித்த இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டார்.

செய்தி கோயிலுக்குப் போனதும் கோயில்பிள்ளை துக்க மணி அடிக்கக் கயிற்றைப் பிடித்துவிட்டாராம். அதே நேரம் கல்யாணப் பெண் போட்டோ எடுப்பதற்காக முன்கூட்டியே காரில் வந்து இறங்குகிறாள். பெண்ணின் மாமா ஓடி வந்து கயிற்றின் மறுபாதியைப் பிடித்துக்கொண்டார். அடிக்கிறதா, வேண்டாமா? முதலில் ஆள் நிஜமாகவே போய்விட்டாரா என்று பார்த்துவிட்டு வருகிறேன், அதுவரை ரெண்டு பேரும் கயிற்றை விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஃபாதர் கிளம்பி வந்திருக்கிறார்.

உள்ளே போன் அடித்தது. கௌரி ஓடி எடுத்து வந்து என் காதில் வைத்தாள். ஜூலி.

"அப்பா, இருக்கியா?"

"இருக்கேம்மா."

அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்டாள். முருங்கைக்காய் சாம்பார் என்றேன். பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். பிறகு கூப்பிட்டு அவள் திட்டியதை இங்கே எழுதப் போவதில்லை. பாதி பிரெஞ்சில் இருந்தது, அந்தப் பாதிதான் மோசம் என்று நினைக்கிறேன்.

ஃபாதர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சரி, இவ்வளவு ஆனதற்குப் பாட்டாவது முடிவாயிற்றா என்று கேட்டார்.

"எங்க ஃபாதர்? நாங்க உயிரைக் கொடுத்துப் பாடறோம், இவரு பால் வாங்கப் போயிட்டாரு," என்றார் டீச்சர். "அதே கல்யாணப் பாட்டுதான் வேணுமாம். அப்படி என்ன அதுல இருக்குன்னு கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் இத்தனை பேர் என் வாயைப் பார்த்து நின்றது கிடையாது. கையில் பால் பாக்கெட் வியர்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு இல்ல டீச்சர்," என்றேன். "பிலோமினாவுக்கு. அவளை எடுத்துப் போனப்ப யாரும் பாடல. பாடக் கூடாதுன்னுட்டாங்க. அவ பாட்டு அது. என்னை அவ மேல வைக்கும்போது பாடினீங்கன்னா, அவளுக்கும் கேக்கும்னு பார்த்தேன்."

அவ்வளவுதான் பேசினேன். என் கணக்கில் அது பெரிய சொற்பொழிவு.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

ஃபாதர்தான் பேசினார். "ஐயா, பாட்டு அம்மாவுக்குத்தானே?"

"ஆமா ஃபாதர்."

"அப்ப நீங்க சாகறவரைக்கும் அவங்க எதுக்குக் காத்திருக்கணும்?"

பூசைப் புத்தகத்தைப் பின்னட்டை வரை படித்தவனுக்கு இது தோன்றவே இல்லை. பாடகர் குழு இருக்கிறது, மாலை இருக்கிறது, சாமியார் இருக்கிறார், ஊரே கூடியிருக்கிறது. அவளுக்கு அன்றைக்கு எது எது இல்லையோ அத்தனையும் வாசலில் நிற்கிறது. கல்லறைத் தோட்டம் நடக்கிற தூரம். கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, கயிற்றைப் பிடித்திருப்பவர்களுக்குப் போனில் சொல்லிவிடலாம் என்று ஃபாதர் எழுந்தார்.

கிளம்பினோம்.

முன்னால் ஃபாதர். பின்னால் வெள்ளைப் புடவையில் பாடகர் குழு. நடுவில் நான், கையில் பால் பாக்கெட். அதைக் கீழே வைக்க எனக்குத் தோன்றவில்லை, வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. பின்னால் இதழ் உதிர்ந்த மாலையோடு கௌரி, அப்புறம் ஊர். எல்லாருக்கும் கடைசியில் ஐஸ் பெட்டி வண்டி. சின்னத் தெரு, திருப்ப இடமில்லை. எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்துதான் டிரைவர் பெரிய ரோட்டைப் பிடிக்க முடியும்.

சாவு ஊர்வலம் என்று கடைக்காரர்கள் வழக்கம்போல ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். பைக்கில் வந்த ஒரு பையன் ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். யாருக்காக என்று தெரியாமல் ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். எனக்குப் பால் கடைக்காரரைத்தான் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. சற்று முன்னால் முட்டி வலியைச் சொல்லி அனுப்பின மனிதன் ஊர்வலத்தில் வருவதைப் பார்த்து, அவர் கல்லாவைவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

கல்லறையில் ஃபாதர் ஜெபம் சொன்னார். தீர்த்தம் தெளித்தார். கௌரி மாலையைச் சிலுவையில் போட்டாள், பிலோமினா படத்து மெழுகுத்திரியையும் எடுத்து வந்து கல்லறையில் ஏற்றினாள். டீச்சர் குழுவைப் பார்த்து விரலைத் தூக்கினார்.

பாடினார்கள். முழுப் பாட்டையும், ஒரு அடி விடாமல். கீபோர்டுக்குக் கரண்ட் இல்லை, அந்த ஆள் அதன் பெட்டியிலேயே தாளம் தட்டினார். பாட்டுத் தெரியாதவர்கள் கை தட்டினார்கள். முருகன் தெரியாமலேயே பாடினான். பூக்காரம்மா சத்தம்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. சுருதிக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. அதனால் ரொம்பப் பழகின குரல் மாதிரியே இருந்தது.

நான் பாடவில்லை. காற்றில் மெழுகுத்திரி அணையாமல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

முடிந்ததும் ஃபாதர் ஊதாத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு, முருகன் கொண்டுவந்து விட்ட ஸ்கூட்டரில் கல்யாணத்துக்குப் பறந்தார். ஐஸ் பெட்டிக்காரரும் போகும்போது என்னிடம் மறக்காமல் தன் நம்பரைச் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரும் வழியில் டீச்சர் என்னோடு நடந்து வந்தார். எங்கள் தெரு வந்ததும் கேட்டார்.

"அப்ப உங்களுக்கு எதுண்ணே?"

அதே பாட்டு இருக்கட்டும் என்றேன்.

"அது பிலோமினாவுக்குப் பாடியாச்சு. அவ பாட்டுல நீங்க ஓசியில போகக் கூடாது. உங்களுக்குன்னு ஒண்ணைச் சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்த பாட்டு எது? அவள் பாடினதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கென்று ஒன்று இருக்கிறதா என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

ரெண்டு மழைக்காலம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டீச்சர் வாசலில் நின்று பார்வையாலேயே கேட்கிறார். நான் தலையை ஆட்டிவிட்டு வருகிறேன். பாட்டைச் சொல்லாமல் போனால் பாடமாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னும் முடிவாகவில்லை, அதனால் இருக்கிறேன்.